நிலாவின் எடை

எங்கள் நாடக அரங்கிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், வாசலில் படுத்திருக்கும் நாய்கூட அணிலைத்தான் காட்டும். மேடைக்கு மேலிருந்து திரைகளையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் கயிற்றை அவள் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

நான் அங்கே உடைகள் தைப்பவள். எல்லோருக்கும் தையலக்கா. எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாப் பூச்சியாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் என் கத்தரிக்கோல் ஒரு நாள்கூட என்னிடம் தங்காது.

அணில் என்பது நாங்கள் வைத்த பெயர். ஒல்லிப்பிச்சான் பெண். டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாலாபக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவாள். பின்னால் யாராவது தும்மினால் துள்ளுவாள். சாலையைத் தனியாகக் கடக்க மாட்டாள், யாராவது கடக்கும்வரை காத்திருந்து அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே போவாள். பஸ்ஸில் இறங்கும் இடம் தவறிவிடுமோ என்று, காலியாக இருக்கும் சீட்டில்கூட உட்காராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெண்கள் விடுதியில் மூன்று பேரோடு ஓர் அறை. குளியலறையில் பாடுகிறவளின் பாட்டு பத்து நிமிஷம் நின்றுபோனால் இவள் போய்க் கதவைத் தட்டுவாள், மயங்கி விழுந்துவிட்டாளோ என்று.

வீட்டில் அம்மாவிடம், டிக்கெட் கவுன்டரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். “கயிறு இழுக்கிறேன்னு தெரிஞ்சா அம்மா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து என்னையே இழுத்துட்டுப் போயிடுவாங்க” என்பாள். அம்மா பயந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் போனில் அவர் குரலைக் கேட்டேன். பயமாவது ஒன்றாவது, அந்தம்மா பேசினால் எதிராளிதான் பயப்பட வேண்டும்.

இப்படிப்பட்டவளிடம் போய் ஏன் கயிற்றைக் கொடுத்தார்கள் என்று நானே மேனேஜரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குக் காரணம் இருந்தது. இவளுக்கு முன்னால் இருந்தவன் பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள். ஒரு கையில் கயிறு, மறு கையில் போன். ஒரு நாள் வானம் தீட்டிய திரையை அப்படியே மேடையில் போட்டான். அடியில் யாரும் இல்லை, தப்பித்தோம். “பயம் இல்லாதவன் மேல நின்னா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதும்மா. இந்தப் பொண்ணு எனக்கும் சேர்த்து பயப்படுது” என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் தப்பில்லை. தினமும் காலையில் வந்ததும் அணில் மேடையின் பக்கவாட்டில் இருக்கும் இரும்பு ஏணியில், கீழே பார்க்காமல், முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள். மேலே ஓர் இரும்புப் பரண். அங்கே உட்கார்ந்து கையுறை போடாமல் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பாள், எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று. கப்பிக்கு எண்ணெய் போடுவாள். கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துப் பார்ப்பாள். கீழே வந்து தேநீர் குடிப்பாள். பிரேக் போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி ஏறுவாள். அவள் உள்ளங்கையைப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர் கை மாதிரி இருக்கும்.

அந்தச் சீசனில் போட்ட நாடகத்தில் நிலா இறங்கி வரும். மரச் சட்டத்தில் வெள்ளித் தகடு அடித்த பிறை. அதில் கதாநாயகி உட்கார்ந்திருப்பாள். கயிற்றின் ஒரு முனையில் நிலாவும் அவளும், மறுமுனையில் சுவரோரமாக ஏறி இறங்கும் ஓர் இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் இரும்புக் கட்டிகள். இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால் அணில் மாதிரி ஒரு பெண் ஒற்றை ஆளாக நிலாவை ஏற்றி இறக்கலாம். நிலாப் பக்கம் கனம் கூடினால் நிலா விழும். கூண்டுப் பக்கம் கூடினால் நிலா மேலே பறந்துபோய் உத்தரத்தில் இடிக்கும். முதலில் இடிப்பது அதில் இருப்பவளின் தலை.

அதனால் ஒத்திகையின்போதே நடிகையை முழு உடையோடு எடை பார்த்து, அதற்குத் தக்கபடி கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அணில் அந்தக் கட்டிகளைத் தினமும் எண்ணுவாள்.

கதாநாயகியை நாங்கள் நிலாக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். தங்கமான மனுஷி. வருஷக் கணக்காகத் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரியாகவும், கூட்டத்தோடு கூட்டமாக அழுகிறவளாகவும் நடித்து நடித்து, இந்த நாடகத்தில்தான் முதல் தடவையாகப் போஸ்டரில் முகம் வந்திருந்தது. தினமும் பரணுக்கு ஏறி வந்து, நிலாவில் உட்கார்ந்து, இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அணிலின் கன்னத்தைக் கிள்ளி, “என்னைக் கீழ போட்டுடாதடி” என்பாள். அவளுக்கு அது விளையாட்டு. அணிலுக்கு இல்லை. “ஒரு நாள் கை வழுக்கிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் தையலக்கா?” என்று என்னிடம் வந்து கேட்பாள். “வழுக்காது, போடி” என்று துரத்திவிடுவேன். வேறு என்ன சொல்ல?

சீசன் பாதியில் ஒரு நாள், நிலா இறங்க மறுத்தது. வழக்கமாகக் கயிற்றை லேசாகத் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வருவது, அன்றைக்கு இழுத்து இழுத்துத்தான் வந்தது. கூண்டில் யாரோ கட்டியைக் கூட வைத்துவிட்டார்கள் என்று அணிலுக்கு உயிரே போய்விட்டது. எண்ணிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல் நேராகத் தச்சரிடம் போய்க் கேட்டாள்.

“நானா? இரும்பு வெச்சேனா?” என்று அந்த மனிதர் எகிறிவிட்டார். “எடுத்துட்டுப் போனேன்னு சொன்னாலாவது பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுட்டேன்னு அர்த்தம் இருக்கு. கொண்டுவந்து வெச்சேன்னா என்ன அர்த்தம்? எனக்குப் பைத்தியமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அணிலும் அசடு வழியச் சிரித்துவிட்டு, ஒரு கட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். நிலா பழையபடி இறங்கியது. சில நாள் கழித்து மறுபடி முரண்டு பிடித்தது. இன்னொரு கட்டியை எடுத்தாள். அடுத்த வாரம் இன்னொன்று. எடுத்த கட்டிகள் பரணில் அவள் காலடியில் வரிசையாக இருந்தன. அவற்றையும் தினமும் எண்ண ஆரம்பித்தாள். இரும்பு கூடவில்லை என்றால் எது குறைகிறது?

ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

“தையலக்கா, நிலாக்கா இளைச்சுட்டாங்களா?”

“ஆமா, டயட்டாம். ஜாக்கெட்டைப் பிடிச்சுக் குடுன்னு வந்து நின்னா. பிடிச்சுக் குடுத்தேன்.”

“எத்தனை தடவை?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜாக்கெட், பிறகு பாவாடை இடுப்பு, பிறகு மறுபடி ஜாக்கெட், பிறகு தோள். நான் ஒவ்வொரு தடவையும் கிண்டல் பண்ணிக்கொண்டே தைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக அவள் உடை மாற்ற என்னை உள்ளேயே விடவில்லை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தானே உடுத்திக்கொள்கிறாள். அணில் தான் எடுத்த கட்டிகளைச் சொன்னாள், நான் பிடித்த தையலைச் சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. தைத்துக்கொண்டிருந்த துணி என் கையில் அப்படியே இருந்தது.

இருவருமாக ஒப்பனை அறைக்குப் போனோம். நிலாக்கா கண்ணாடி முன்னால் கன்னத்துக்கு ரோஸ் பூசிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து கண்ணு வைக்காதீங்கப்பா. ஒரு பொம்பளை இளைக்கக் கூடாதா?”

“கயிறுல தெரியுதுக்கா” என்றாள் அணில். “வாரா வாரம் தெரியுது.”

நிலாக்கா பஞ்சைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். “மேனேஜர்கிட்ட மூச்சு விட்டீங்க, அவ்வளவுதான். மாத்து ஆளா வந்திருக்கிற அந்தப் பொண்ணு ஏற்கெனவே என் வசனத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு நிக்குது.”

“வசனம் கிடக்கட்டும், டாக்டர்கிட்ட போனியா?” என்றேன் நான்.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றாள் நிலாக்கா. “நல்லா நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. என்ன வியாதின்னு சொன்ன நாள்லேர்ந்து நடக்கவே இல்ல. நான் தெரிஞ்சுக்க மாட்டேன்க்கா. சீசன் முடியட்டும். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுறேன். சத்தியமா சாப்பிடுறேன், போதுமா?”

போதாது என்று அப்போதே கத்தியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினேன். அணில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் முழுக்க அணிலுக்குச் சோறு இறங்கவில்லை. முன்பெல்லாம் கை வழுக்கிவிடுமோ என்றுதான் பயம். இப்போது கயிற்றைத் தொடுவதற்கே பயம், இன்றைக்கு எவ்வளவு குறைந்திருக்குமோ என்று. எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. நிலா இறங்கும் நேரத்துக்கு என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, மேடை ஓரத்து மறைவில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பேன்.

பிறகு ஒரு நாள் அணில் ஏணியிலிருந்து கிட்டத்தட்டக் குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

“தையலக்கா! கனம் கூடியிருக்கு! இன்னிக்கு நிலா சும்மா ஜம்முன்னு வந்துச்சு, நான் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு!”

மறுநாள் ஒரு கட்டியைக் கூண்டில் திரும்ப வைத்தாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அவள் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியதே அப்போதுதான். வேக வைத்த முட்டைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நிலாக்காவிடம் நீட்டுவாள், அவள் வாங்கிக்கொண்டு, “பார்த்தியா, சொன்னேன்ல?” என்பாள். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். சதை போட்டவள் ஜாக்கெட்டைத் தளர்த்திக் கொடு என்று வரவில்லையே என்று எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல சேதியை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

சனிக்கிழமைப் பகல் காட்சி. அரங்கு நிறைந்த கூட்டம். நிலா மேகத்திலிருந்து வெளியே வந்து பாதி உயரத்தில் நின்றது. அங்கேதான் நிலாக்காவின் நீளமான வசனம். அணில் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள், வசனம் முடிந்ததும் பிரேக்கை எடுத்து மேடைக்கு இறக்குவாள். நான் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசனம் நடுவில் இருக்கும்போது, நிலாவின் அடியிலிருந்து என்னவோ கொட்டியது. மெல்லிசாக, ஒரே கோடாக. விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியது. கூட்டத்தில் “ஆகா” என்று ஒரு சத்தம், பிறகு கைதட்டல். நிலவொளி சிந்துகிறது என்று நினைத்துவிட்டார்கள். என் காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வந்து தெறித்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். மண்.

மேலே அணிலைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நிலா இலேசாகிக்கொண்டே போகிறது, கூண்டில் கட்டிகள் அப்படியே இருக்கின்றன. வசனம் முடிந்து பிரேக்கை எடுத்தால் நிலா நேரே உத்தரத்துக்குப் போகும். எடுக்காவிட்டால் அவள் ஆயிரம் பேருக்கு முன்னால் அந்தரத்தில் தொங்குவாள், மண் கொட்டிக்கொண்டே இருக்கும். என்னால் கத்தக்கூட முடியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஏணியில் கீழே பார்க்காமல் ஏறுகிற அந்தப் பெண், பரணின் கம்பிக்கு வெளியே உடம்பில் பாதியை நீட்டினாள். கூண்டு அவளுக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது. ஒரு கட்டியை எடுத்துப் பரணில் வைத்தாள். இன்னொன்று. அடுத்ததில் கையை வைத்துவிட்டு நிறுத்தினாள். எத்தனை எடுப்பது? கூட எடுத்துவிட்டால் நிலா விழும். எவ்வளவு மண் கொட்டியது, இன்னும் எவ்வளவு இருக்கிறது, அதற்குள் இருக்கும் மனுஷி எவ்வளவு, எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். அந்தக் கட்டியையும் எடுத்தாள்.

வசனம் முடிந்தது. அணில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிரேக்கை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினாள். நிலா ஒரு குலுக்குக் குலுங்கி மேலே எழும்பியது. அணில் கயிற்றிலேயே தொங்கினாள், கால் பரணில் பாவவில்லை. நிலா நின்றது. பிறகு மெதுவாக, அழுகிற குழந்தையை இறக்கி விடுவது போல, இறங்கியது. நிலாக்கா மேடையில் காலை வைத்து, மீதி வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். அந்த நெஞ்சுத் துணிச்சலை என்ன சொல்வது, அவளைக் கட்டிக்கொள்வதா கன்னத்தில் அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரை விழுந்ததும் மேனேஜர் குதித்துக்கொண்டு வந்தார். “யார் ஐடியா அது? பிரமாதம்! சாயங்காலக் காட்சியிலயும் வெச்சிடுங்க!”

நான் ஒப்பனை அறைக்கு ஓடினேன். நிலாக்கா பாவாடையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாவாடையைத் திருப்பினேன். உள்பக்கம் முழுக்கப் பைகள். பழைய தலையணை உறையைக் கிழித்து, கோணல்மாணலாக, பெரிய பெரிய தையலாகத் தைத்த பைகள். ஒன்று கிழிந்திருந்தது. மற்றவற்றில் மண் கெட்டியாக இருந்தது. வராந்தாவில் தீயணைக்க மண் நிரப்பித் தொங்கவிட்ட சிவப்பு வாளிகள் ஏன் கொஞ்ச நாளாகப் பாதி காலியாக இருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. கயிறு காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்ததும், கயிற்றை ஏமாற்ற மண்ணைக் கட்டிக்கொண்டு நிலாவில் ஏறியிருக்கிறாள்.

“அடிப்பாவி” என்றேன்.

சாயங்காலக் காட்சிக்கு முதல் மணி அடித்தபோதும் அணில் பரணுக்கு ஏறவில்லை. ஒப்பனை அறை வாசலில் வந்து நின்றாள். கையுறை கிழிந்து, உள்ளே தோலும் கிழிந்திருந்தது. அவள் பின்னாலேயே மேனேஜர்.

“இன்னிக்கு நிலா இறங்காது சார்” என்றாள் அணில். பல் கிட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. “நிலாக்காவோட எடை எனக்குத் தெரியணும். தெரியாம நான் தூக்க மாட்டேன்.”

“கண்டிஷன் போடுற அளவுக்கு வந்துட்டியா நீ? வேற ஆளை ஏத்திட்டுப் போறேன்.”

“ஏத்துங்க சார். கூண்டுல எத்தனை கட்டி வைக்கணும்னு மட்டும் அந்த ஆளுக்குச் சொல்லிடுங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பாவாடையை விரித்துக் காட்டினேன். அவர் ஒரு பையைத் தொட்டார், விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். பிறகு நிலாக்காவின் கழுத்தெலும்பைப் பார்த்தார்.

அணில் உள்ளே வந்து நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். “சொல்லுங்கக்கா. எவ்வளவு?”

“எனக்கே தெரியாதுடி” என்றாள் நிலாக்கா. “மெஷின்ல ஏறவே பயமா இருக்கு. மண் இல்லாம எவ்வளவுன்னு நான் பார்க்கவே இல்ல.”

“எனக்கும் பயம்தான்க்கா. கம்பிக்கு வெளிய தொங்குறப்போ உங்களைக் கொன்னுடப் போறேன்னு நினைச்சேன். உங்க உயிரை என் கையில குடுத்துட்டு, என்கிட்டயே பொய் சொல்லிட்டீங்களேக்கா.”

நிலாக்கா அவள் கிழிந்த கையை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் இருந்த பூச்செல்லாம் அழுகையில் வழிந்தது. “வரேன்” என்றாள். “டாக்டர்கிட்ட வரேன். நீயும் வா, தனியா போக மாட்டேன்.” எழுந்து ஓர் அடி வைத்தாள். முழங்கால் மடங்கிவிட்டது. தரையில் விழுமுன் நானும் மேனேஜரும் பிடித்துக்கொண்டோம்.

“டாக்ஸி! யாராவது டாக்ஸி பிடிங்கப்பா!” என்று மேனேஜர் கத்திக்கொண்டே வெளியே ஓடினார். தெருவுக்குப் போகப் படிகள் இறங்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் கிடைக்குமா, தச்சரைக் கூப்பிடலாமா என்று நான் கை கால் ஓடாமல் நின்றபோது, அணில் முதுகைக் காட்டிக் குனிந்தாள். நான் நிலாக்காவின் கைகளை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போட்டேன்.

அணில் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, பெரிய பாரத்தைத் தூக்குகிற ஆள் மாதிரி எழுந்தாள். எழுந்த வேகத்தில் முன்னால் சாயப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

“என்னடி, முடியலையா?” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனை மாதம் அவள் முகத்தில் நான் பார்த்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

“தையலக்கா” என்றாள். “கனமே இல்லக்கா.”